பாளை அருவாத்தியும் பிரெஞ்சுக் கத்தியும்

ஆய்வின் பொருட்டுச் சில மாதங்களாகப் பழைய பிரெஞ்சுச் சமையற்கத்திகளின் வரலாற்றை வாசித்து வருகிறேன். அதனிடையே, ஓண விடுமுறைக்குப் பாறசாலையை அடுத்த எங்கள் ஊருக்குச் சென்றிருந்தபோது நிகழ்ந்த ஒன்றை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன்.

விறகுப்புரையை ஒதுக்கிய அம்மா, ஆக்கர்க் கடைக்குப் போடுவதற்காகப் பழைய இரும்புகளைச் சாக்கில் கட்டி வைத்திருந்தார். அதனடியில் பாட்டாவின் பாளை அருவாத்தி கிடந்தது. பாட்டா பனையேறி. காலையும் மாலையும் பனையேறி, பாளையின் நுனியைத் தாள்போல் மெல்லியதாகச் சீவிவிடுவார். அந்த வெட்டுவாயிலிருந்துதான் கலயத்துக்குள் பதநீர் சொட்டும். கத்தி சற்றே மழுங்கியிருந்தாலும் பாளை நைந்து ஊற்று அடைபட்டுவிடும். ஒரு குடும்பத்தின் அன்றைய வரும்படி அந்தக் கூர்மையில் இருந்தது.

அத்தகட்டை ஒளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என்னையறியாமல் நான் தேடியது செய்தவரின் முத்திரையை. இது பிரெஞ்சுக் கத்திகளைப் படித்ததால் வந்த பழக்கம்.

பிரான்சின் தியேர் நகரத்தில் 1582ஆம் ஆண்டிலேயே கத்தி செய்வோருக்கான சங்க விதிகள் எழுதப்பட்டன. ஒவ்வொருவரும் தம் முத்திரையை உலோகத் தகட்டில் பொறித்துப் பதிந்து வைத்தனர். தூரோல் ஆற்றின் நீர்விசையில் சுழன்ற சாணைக்கல்லின் மேல் பலகையில் குப்புறப்படுத்து அவர்கள் கத்தி தீட்டியதும், குளிருக்குக் கால்களின் மேல் நாய்களைப் படுக்கவைத்ததும் பழைய அஞ்சலட்டைகளில் படமாகவே இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் புகழ்பெற்ற 'சபாத்தியே' என்ற பெயரைப் பலர் பயன்படுத்தினர். ஆகவே சிங்கம், நட்சத்திரம், யானை என்று உடனிருக்கும் அடையாளத்தைக் கொண்டே இன்று ஒரு பழங்கத்தியின் பட்டறையை அறிகிறார்கள்.

பாட்டாவின் கத்தியில் ஓர் எழுத்துமில்லை. மறுநாள் அதை எடுத்துக்கொண்டு, களியக்காவிளைச் சாலையில் இன்னமும் உலை மூட்டும் முதிய ஆசாரியிடம் போனேன். கத்தியை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

"முதுகு பச்சிரும்பு, வாய் உருக்கு. ரெண்டையும் பழுக்கக் காய்ச்சி ஒண்ணா அடிச்சது. தோய்ச்சல் நல்லா விழுந்திருக்கு. இப்ப நாங்க லாரிப் பட்டையில அடிக்கோம், மக்களே."

"யார் செய்தது மாமா?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? உங்க பாட்டா இருந்தா சொல்லியிருப்பாரு. வளைவையும் கனத்தையும் பாத்தே எந்த உலையின்னு பனையேறி சொல்லிருவான். பேரு எதுக்கு வெட்டணும்?"

வீடு திரும்பும் வழியெல்லாம் அச்சொல் என்னைத் தொடர்ந்தது. முத்திரை இல்லாமல் இல்லை. அதை வாசிக்கத் தெரிந்த கைகள்தாம் போய்விட்டன. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் பிரிந்தபோது, பாட்டா ஏறிய பனைகள் ஒரு மாநிலத்திலும் அவர் கத்தி வாங்கிய உலை மற்றொன்றிலும் ஆயின. ஆயினும் அவ்வுறவு அறுபடவில்லை. பனையேற்றம் நின்றபோதுதான் அறுபட்டது.

இது எங்கள் ஊரோடு முடியும் கதையுமன்று. தென்னிந்திய உருக்கை 'ஊட்ஸ்' என்ற பெயரில் 1795இல் இலண்டன் ராயல் சொசைட்டிக்கு விளக்கியவர் ஜார்ஜ் பியர்சன். அதன் இயல்பைப் பின்னர் ஆராய்ந்தவர்கள் கத்தி செய்பவரான ஸ்டோடார்ட்டும், கொல்லர் மகனான மைக்கேல் பாரடேயும். பாரிஸில் அத்தகைய எஃகை உருவாக்க முயன்றவர் பிரயான். இவர்களுடைய பெயர்களை நான் மனப்பாடமாகச் சொல்வேன். மூசையில் அந்த உருக்கை வார்த்தவர்களில் ஒருவர் பெயரையும் என்னால் சொல்ல இயலாது. பாட்டா உயிரோடிருந்தபோது, அவர் கத்தியைப் பற்றி ஒரு கேள்வியும் நான் கேட்டதில்லை.

அருவாத்தியைச் சாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். அருங்காட்சியகத்துக்குக் கொடு என்கிறார்கள் நண்பர்கள். இப்போதைக்குக் கொடுப்பதாயில்லை. அதை எடுத்துக்கொண்டு, எல்லையின் இருபுறமும் எஞ்சியிருக்கும் பனையேறிகளிடம் போகப்போகிறேன். கையில் வாங்கிப் பார்த்ததும் ஓர் உலையின் பெயரைச் சொல்பவர் எவரேனும் இன்னும் இருக்கக்கூடும்.

உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் பழைய கத்தியைப் பற்றிப் பேசத் தொடங்கினால், தயவுசெய்து அமர்ந்து எழுதிக்கொள்ளுங்கள்.