மாடியில் ஒரு ஸ்ரீரங்கம்

வாசக அன்பர்களில் மூத்தவர் பலர், வைகுண்ட ஏகாதசிக்கு மீட்டர்கேஜ் ரயிலில் ஸ்ரீரங்கம் வந்து இறங்கியிருப்பீர்கள். டவுன் ஸ்டேஷனை விட்டு வண்டி புறப்பட்டு, காவிரிப் பாலத்தில் சக்கரங்களின் ஓசை மாறியதும், பெட்டியில் இருந்தவர்கள் கைகூப்பி எழுந்து நிற்பார்கள். அந்தப் பாதையைத்தான் நண்பர்கள் அறுவர் சேர்ந்து ஒரு வீட்டு மாடியில் சிற்றுருவில் அமைத்திருக்கிறோம். டவுன் ஸ்டேஷன், காவிரி, ஸ்ரீரங்கம், கொள்ளிடம், உத்தமர்கோவில். அத்துடன் சுவர் வந்துவிடுகிறது.

வயதான காலத்தில் பொம்மை ரயிலா என்று கேட்பவர்கள் உண்டு. பொம்மைக்கு அளவு கிடையாது, இதற்கு உண்டு. உண்மையில் உள்ளதில் 87-இல் ஒரு பங்கு என்பது உலகெங்கும் இக்கலையில் ஈடுபட்டோர் கைக்கொள்ளும் அளவுகளில் ஒன்று. அதன்படி 1,000 மில்லிமீட்டர் அகலமுள்ள மீட்டர்கேஜ் பாதை, பதினொன்றரை மில்லிமீட்டராகச் சுருங்க வேண்டும். ஆயத்தமாகக் கிடைக்கும் தண்டவாளமோ 12 மில்லிமீட்டர். அந்த அரை மில்லிமீட்டருக்காக ஒரு மாதம் சண்டையிட்டவர்கள் நாங்கள். நவராத்திரியில் கீழே கொலு பார்க்க வருவோர், சுண்டலுடன் மாடியேறி ரயிலையும் பார்த்துச் செல்வார்கள்.

பொன்மலைப் பணிமனையில் நீராவி எஞ்சின்களுடன் வாழ்ந்தவன் நான். ஆகவே தண்டவாளத்துக்குப் பற்றவைப்பதும் எஞ்சின் செய்வதும் என் பொறுப்பாக இருந்தன. பித்தளைத் தகட்டில் ஒய்.பி. எஞ்சின் ஒன்றை இரண்டு ஆண்டுகள் உழைத்துச் செய்து முடித்தேன். அதன் பிறகு நோய் வந்தது.

பாதங்களில் மரமரப்பாகத் தொடங்கி, ஒரு வாரத்துக்குள் இடுப்பு வரை ஏறி, கைகளையும் பற்றிக்கொண்டது. கில்லன்-பாரி என்று பெயர் சொன்னார்கள். கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை, தன் சொந்த நரம்புகளையே தாக்கும் நோய் அது. மின்கம்பியின் மேலுறையைப் போன்ற ஓர் உறை நரம்புக்கும் உண்டு. அது உரிந்துவிட்டால் செய்தி போய்ச் சேராது. உறை மட்டும் சேதமுற்றால் மீள்வது சற்று விரைவு. உள்ளிழையும் அறுபட்டால் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும் என்றார் மருத்துவர். எனக்கு இரண்டும் நேர்ந்திருந்தன. வாழ்நாள் முழுதும் மில்லிமீட்டரில் கணக்கிட்டவனுக்கு அந்தக் கணக்கு எளிதில் விளங்கியது. முதுகுத்தண்டிலிருந்து கால் நுனி வரை எத்தனை மில்லிமீட்டர் என்று இரவுகளில் கூட்டிப் பார்த்துக் கிடந்தேன். படுக்கையைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

பதினான்கு மாதங்கள் கழித்து, கைத்தடியும் மகனின் தோளுமாக மாடியேறினேன். மேசையைப் பார்த்ததும் திகைத்தேன். நான் படுத்திருந்த பதினான்கு மாதங்களில் அந்த மாடியில் பதினேழு ஆண்டுகள் கடந்திருந்தன.

நாங்கள் 1970-ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கத்தையே அமைத்திருந்தோம். அப்போது தெற்கு ராஜகோபுரம் மேல்நிலைகள் இன்றி, மொட்டைக் கோபுரமாக நின்ற காலம். அகோபில மடத்தின் 44-ஆம் பட்டம் அழகிய சிங்கரின் பெருமுயற்சியால் அது பதின்மூன்று நிலைகளுடன் 236 அடி உயர்ந்து குடமுழுக்குக் கண்டது 1987-இல். ஆனால் எங்கள் மாடிக்கு வரும் மூதாட்டிகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டுமா? “கோபுரத்துக்குத் தலை எங்கேப்பா?” என்று ஆண்டுதோறும் கேட்பார்கள். கூப்பிய கை பாதியில் நிற்கும். என் நண்பர்கள் ஒரு முடிவெடுத்து, காலத்தை 1987-க்கு நகர்த்திவிட்டார்கள். 236 அடியை 87-ஆல் வகுத்தால் 83 சென்டிமீட்டர். அவ்வளவு உயரத்தில் மரத்தூளும் அட்டையுமாக ராஜகோபுரம் மேசைமேல் எழுந்து நின்றது. பாதையில் டீசல் எஞ்சின் ஓடிற்று. என் ஒய்.பி. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.

கோபுரத்தை வணங்கினேன், அதை எப்படிக் குறை சொல்வது? ஆனாலும் நெஞ்சில் முள் ஒன்று தைத்தது உண்மை. அதைவிட ஆழமாகத் தைத்தது, எனக்கென்று மெத்தையிட்டுப் போடப்பட்டிருந்த நாற்காலி. பற்றுக்கோலை எடுக்கக் கை நீட்டியபோது, என்னிடமே தொழில் பயின்ற இளைஞன், “மாமா, விரலில் உணர்ச்சி இல்லையே, சுட்டால் தெரியாதே” என்று மெல்ல வாங்கி வைத்துவிட்டான். அவன் சொன்னது முற்றிலும் சரி.

ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் மாஸ்டர் பதவி கொடுத்தார்கள். இருபுறமும் உள்ள ஸ்டேஷன்களுக்கு மணி அடித்து, டோக்கன் கொடுத்து வாங்கும் வேலை. ஒற்றைப் பாதையில் ஒரு பகுதிக்கு ஒரே டோக்கன்தான் வெளியே இருக்கும்; அது கையில் இல்லாமல் எந்த ஓட்டுநரும் வண்டியை எடுக்கமாட்டார். பொத்தானை அழுத்த நுண்ணிய விரல் வேண்டாம். ஆனால் நான் மணியைத் தொட்டாலே எல்லோரும் வண்டிகளை நிறுத்திவிட்டு, புன்னகையுடன் காத்திருப்பார்கள். “மெதுவாகச் செய்யுங்கள் சார், அவசரமில்லை.” நோயாளிக்குக் கனிவு மருந்துதான், அளவு மிஞ்சினால் அதுவும் படுக்கையில் தள்ளும். நோயிலிருந்து மீண்ட உறவினர் யாரேனும் உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து கீரையாவது ஆயக் கொடுங்கள்.

ஐந்தாவது ஞாயிறு. ஓய்வுபெற்ற கார்டு ஒருவர் உத்தமர்கோவிலில் டால்மியாபுரம் சிமெண்ட் ஏற்றிய கூட்ஸ் வண்டியுடன் நின்று, மணிமேல் மணியாக அடித்தார். நான் பதில் மணி கொடுக்கவில்லை.

“என்ன ஓய், தூங்குகிறீரா? கொள்ளிடப் பாலம் காலியாகத்தானே கிடக்கிறது? லைன் கிளியர் எங்கே?”

“டவுனிலிருந்து பாசஞ்சர் வருகிறது. அது போன பிறகுதான் உமக்கு. உம்முடைய சிமெண்ட் மூட்டைக்காகப் பிரயாணிகளைக் காக்க வைப்பேனா?”

“எட்டு நிமிஷம் லேட்! யார் பதில் சொல்வது?”

“நான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளும்!”

அரை மணி நேரம் வாதம் நடந்தது. மற்றவர்களும் கட்சி பிரிந்தார்கள். காபி ஆறிப்போயிற்று. ஒருவரும் என்னை மெதுவாகப் பேசும்படி சொல்லவில்லை. வீடு திரும்பியதும் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

1987-இல் நீராவி எஞ்சின்கள் முற்றிலும் மறைந்துவிடவில்லை என்பது என் கட்சி. கார்டு நண்பர் இன்னும் ஒப்பவில்லை. பழைய கால அட்டவணை ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார். நவராத்திரிக்கு ஏழு வாரங்கள் இருக்கின்றன. அதற்குள் ஒய்.பி.யைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து, பல்சக்கரங்களில் இறுகிப்போன எண்ணெயைத் துடைத்தாக வேண்டும். இடக்கைப் பெருவிரலில் உணர்ச்சி திரும்பிவிட்டது. திருகுகளை அந்தக் கையால் கழற்றிப் பழகி வருகிறேன்.