கட்டைவிரலும் க-வரிசையும்

"செப்படி வித்தை காட்டறான்"னு யாரையாவது ஒரு தடவையாச்சும் திட்டியிருப்போம். அந்தச் செப்பு என்னன்னு யோசிச்சிருக்கீங்களா? குழந்தைங்க வெச்சு விளையாடற செப்புச் சாமான்ல வர்ற அதே செப்புதான். சின்னக் கிண்ணம். கிண்ணத்தைக் கவுத்து வெச்சு, உள்ளே இருக்கற பந்தைக் காணாம அடிச்சு, பக்கத்துக் கிண்ணத்துல வர வைக்கற தெருவோர வித்தை. செப்பிடு வித்தைன்னும் எழுதுவாங்க. ஆக, ஏமாத்து வேலைக்கு நம்ம மொழியில இருக்கற பேரே ஒரு மேஜிக் ஐட்டத்தோட பேர்தான்.

எதுக்கு இவ்ளோ பீடிகைன்னா, அடியேனும் மூணு மாசமா ஒரு செப்படி வித்தை பழகிட்டு இருந்தேன். என்னோடதுல கிண்ணம் கிடையாது. கட்டைவிரல்.

தம்ப் டிப்னு ஒரு சாமான் இருக்கு. கட்டைவிரல் நுனி மாதிரியே செஞ்ச பிளாஸ்டிக் உறை. நகம், ரேகை எல்லாம் வெச்சு, உள்ளே வெத்தா இருக்கும். பொருட்காட்சி ஸ்டால்ல, குழந்தைங்க மேஜிக் செட்ல எல்லாம் கிடைக்கும். லண்டன்ல 1905-ல ஆரம்பிச்ச 'மேஜிக் சர்க்கிள்'னு ஒரு சங்கம் இருக்கு. ரகசியத்தை வெளியே சொல்லாதேங்கறதுதான் அவங்களோட கொள்கை வாசகமே. நான் அதுல மெம்பர் இல்லை, அதனால தைரியமா சொல்றேன் :-) தவிர, இந்த வித்தையில ரகசியம்ங்கறது பத்து பைசா சமாச்சாரம்.

ரகசியம் இவ்ளோதான். உறைக்குள்ளே ஒரு மெல்லிசு பட்டுக் கைக்குட்டையைத் திணிச்சு, வலது கட்டைவிரல்ல மாட்டிக்கணும். ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டணும். இடது கையை லேசா மூடி, அதுக்குள்ளே வலது கட்டைவிரலை விட்டு எடுக்கணும். உறை உள்ளேயே தங்கிடும். அப்புறம் மூடின கையிலேர்ந்து கைக்குட்டையை உருவினா 'வெறும் காத்துலேர்ந்து' வந்த மாதிரி இருக்கும். மறைய வைக்க இதையே திருப்பிச் செய்யணும். கைக்குட்டையைக் கொஞ்சம் கொஞ்சமா உள்ளே தள்ளி, கடைசி முனையைக் கட்டைவிரலால அழுத்தும்போது உறை திரும்ப விரலுக்கு வந்துடும். கையை விரிச்சா ஒண்ணும் இருக்காது.

நான் வாங்கினது வெள்ளைக்காரன் கலர். நம்ம கலருக்கும் அதுக்கும் ஏணி வெச்சாக்கூட எட்டாது. ஆனா விரல் நுனி பார்க்கறவங்களை நோக்கி நேரா இருந்தா, கையும் அசைஞ்சுக்கிட்டே இருந்தா, கண்ணு முன்னாடி இருந்தும் தெரியாது. கடையில கத்துக் கொடுத்தப்போ அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சுது. புரியறது வேற, வர்றது வேறங்கறது அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போனப்புறம்தான் தெரிஞ்சுது.

இதை வாங்க வெச்சது எங்க அக்கா. "பாப்பாவுக்கு ஏழாவது பர்த்டே வருதுடா. பசங்க எல்லாம் வருவாங்க. நீ ஏதாச்சும் பண்ணேன்"னா. அபார்ட்மெண்ட் பார்ட்டி ஹால், இருபது குட்டிப் பசங்க, அவங்க அம்மா அப்பா. அக்காவுக்குத் தெரியாம இல்லை, தெரிஞ்சேதான் கேட்டா.

தெரிஞ்சது என்னன்னா, எனக்குத் திக்குவாய். சின்ன வயசுலேர்ந்தே. எல்லா எழுத்தும் திக்காது. க, ப ரெண்டும்தான் ஜென்ம விரோதி, அதுலயும் க-வரிசை ரொம்ப மோசம். பேரைச் சொல்றது, போன்ல பேசறது, ஆபீஸ்ல காலை ஸ்டாண்ட்-அப் மீட்டிங், எல்லாமே கண்டம்தான். திக்கறவங்க நிறைய பேருக்கு ஒரு டிக்‌ஷனரி மனசுல ஓடிட்டே இருக்கும். 'காலையில'ன்னு வராதுன்னு ரெண்டு வார்த்தைக்கு முன்னாடியே தெரிஞ்சுடும், உடனே 'மார்னிங்'குக்குத் தாவிடுவேன். 'கமிட் பண்ணிட்டேன்' வராது, 'செக்-இன் பண்ணிட்டேன்'னு சொல்லிடுவேன். கேட்கறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. இதுவும் ஒரு செப்படி வித்தைதான்னு வெச்சுக்கங்களேன்.

ஆனா பேருக்கு மாத்து வார்த்தை கிடையாது. அக்கா பொண்ணோட பேர் க-வுல ஆரம்பிக்கும். எல்லாரும் செல்லமா பாப்பான்னு கூப்பிடறாங்க, நானும் அப்படியே கூப்பிடறேன்னு ஊரே நினைச்சுட்டு இருந்துச்சு. ப-வும் தகராறுதான், ஆனா அவ பேர் அளவுக்கு இல்லை. ஹேப்பி பர்த்டே பாட்டுல மட்டும் அவ பேர் எனக்கு வழுக்கிட்டு வரும். கூட்டத்தோட சேர்ந்து பாடும்போது திக்கறவங்களுக்கும் பெரும்பாலும் திக்காது.

சரி, பயிற்சிக்கு வருவோம்.

முதல் ரெண்டு வாரம் கை மட்டும்தான். ராத்திரி சாப்பிட்டுட்டு பதினஞ்சு நிமிஷம். கைக்குட்டையோட எந்த முனை கடைசியா உள்ளே போகணும் (அதுதான் முதல்ல வெளியே வரும்), உறை உள்ளங்கையில எங்கே உட்காரணும், இதெல்லாம். யூனிட் டெஸ்டிங் மாதிரி, ஒவ்வொரு அசைவையும் தனித்தனியா.

அப்புறம் வந்ததுதான் நிஜமான தலைவலி. உறையை மாட்டினதும் கட்டைவிரல் திருடன் மாதிரி நடந்துக்க ஆரம்பிச்சுடும். விறைப்பா, மத்த விரலுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கும். யாரும் கேட்காமலே 'நான் எதையும் எடுக்கலை'ன்னு சொல்ற ஆள் மாதிரி. அதனால வீட்டுல இருக்கும்போதெல்லாம் மாட்டிக்கிட்டே திரிஞ்சேன். டீ குடிச்சேன். கோடு அடிச்சேன், ஸ்பேஸ் பாரை அது தட்டுறப்போ ஒரு தனிச் சத்தம் வரும். போனைத் திறக்கப் போய் விரலை வெச்சா, ரேகை பொருந்தலைன்னு போன் என்னை உள்ளே விடலை. உலகத்துல அந்த உறையைக் கண்டுபிடிச்ச முதல் ஆள் என் போன்தான். அம்மா நாலாவது நாள்தான் "கையில என்னடா?"ன்னு கேட்டாங்க.

மூணாவது கட்டம் வீடியோ. அது வரைக்கும் கண்ணாடி முன்னாடிதான் செஞ்சுட்டு இருந்தேன், பிரமாதமா இருந்துச்சு. போனைச் சாய்ச்சு வெச்சு வீடியோ எடுத்துப் பார்த்தா, உறை கைமாறுற அதே கணத்துல டக்னு கண்ணைச் சிமிட்டறேன். மேஜிக் கத்துக்கறவங்க பல பேருக்கு இது உண்டு. கண்ணாடியில தெரியாது. ஏன்னா அந்தக் கணத்துல நம்ம கண்ணுதான் மூடியிருக்கே!

அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தப்போ வயித்துல ஏதோ பண்ணுச்சு. அந்தச் சிமிட்டல் எனக்குத் தெரிஞ்ச சிமிட்டல். வார்த்தை தொண்டையில மாட்டும்போது வர்ற அதே சிமிட்டல். திக்கறவங்க நிறைய பேருக்குக் கண்ணை இறுக்கறது, தலையை ஆட்டறதுன்னு ஏதாச்சும் ஒண்ணு கூடவே இருக்கும். விரலை மறைச்சாலும் வார்த்தையை மறைச்சாலும் உடம்பு ஒரே மாதிரிதான் காட்டிக் கொடுக்குது.

கண்ணு எங்கே போகணும்ங்கறதுக்கு ஒரு நல்ல ஆராய்ச்சி இருக்கு. 2006-ல குஸ்தவ் கூன், மைக்கேல் லேண்ட்னு ரெண்டு பேர் செஞ்சது. மேஜிக்காரர் ஒரு பந்தை ரெண்டு தடவை நிஜமாவே மேலே தூக்கிப் போட்டுப் பிடிக்கறார். மூணாவது தடவை போடற மாதிரி பாவ்லா மட்டும், பந்து கையிலேயே இருக்கு. பந்து போன மாதிரி அவர் அண்ணாந்து பார்த்தப்போ, கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு பேர் பந்து மேலே போனதைப் பார்த்தோம்னு சொன்னாங்க. அவர் தன் கையைப் பார்த்தப்போ அது மூணுல ஒரு பங்கா குறைஞ்சுடுச்சு. அதாவது, நீங்க எதைப் பத்திக் கவலைப்படறீங்களோ அதைத்தான் கூட்டமும் பார்க்கும். நான் விரலைப் பத்திக் கவலைப்படறதை நிறுத்தினாத்தான் மத்தவங்களும் நிறுத்துவாங்க. அதுக்கு ஒரே வழி, கவலைப்பட ஒண்ணும் மிச்சமில்லாத அளவுக்குப் பழகறது. ஒரு மாசத்துல சிமிட்டல் போயிடுச்சு.

கடைசியா பேச்சு. மேஜிக்ல பேச்சுதான் பாதி. நான் எழுதின முதல் ஸ்கிரிப்ட் ஒரு சாதனை, க-வே கிடையாது. கைக்குட்டை 'துணி' ஆயிடுச்சு, 'காத்துலேர்ந்து'ங்கறது 'மாயமா' ஆயிடுச்சு, பொறந்த நாள் குழந்தையை மேடைக்குக் கூப்பிடற இடத்துல 'நம்ம ஏஞ்சல்'. அந்த ஸ்கிரிப்டைப் பேசிக்கிட்டே வித்தையைச் செஞ்சு வீடியோ எடுத்தேன். போன சிமிட்டல் திரும்பி வந்துடுச்சு. இந்தத் தடவை உறை மாறுற இடத்துல இல்லை. 'ஏஞ்சல்'ங்கற இடத்துல.

அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து யோசிச்சேன். பசங்க முன்னாடி போய் நிக்கறப்போ என்கிட்ட மறைக்க ரெண்டு விஷயம் இருக்கு. உறையை மறைச்சாத்தான் அந்தக் குழந்தைங்களுக்கு ஒரு நிமிஷம் ஆச்சரியம் கிடைக்கும். திக்குவாயை மறைச்சா யாருக்கு என்ன கிடைக்கும்? ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லை. ஸ்கிரிப்டை மாத்தி எழுதினேன். கைக்குட்டை திரும்ப வந்துச்சு. அவ பேரும்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம், கேக் வெட்டினதும் என் முறை. கையை விரிச்சுக் காட்டினேன். அவளை மேடைக்குக் கூப்பிடணும். பேர் வரலை. க-வுல அப்படியே நின்னுச்சு. ஹால்ல மிக்ஸர் தட்டு சத்தம்கூட நின்னு போன மாதிரி இருந்துச்சு. பெரியவங்க ரெண்டு மூணு பேர் தரையைப் பார்த்தாங்க. பசங்க யாரும் பார்க்கலை, அவங்க என் மூடின கையையே பார்த்துட்டு இருந்தாங்க. நான் வேற வார்த்தைக்குத் தாவலை. மூணு செகண்டோ நாலு செகண்டோ. அப்புறம் பேர் வந்துச்சு, முழுசா. அவ ஓடி வந்தா. கைக்குட்டையோட நுனியை அவளையே பிடிச்சு இழுக்கச் சொன்னேன். சிவப்பு கலர். வாயைப் பொத்திக்கிட்டா. அப்புறம் அதைத் திரும்பத் திணிச்சு, ஊதச் சொல்லி, விரிச்சுக் காட்டினேன்.

முடிஞ்சதும் பசங்க மொய்ச்சுட்டாங்க. முன் வரிசையில இருந்த ஒரு வாண்டு, "அங்கிள், கட்டைவிரலைக் காட்டுங்க"ன்னான். காட்டினேன், என் சொந்த விரல். உறை அப்பவே பாக்கெட்டுக்குப் போயிருந்துச்சு. விடாம அடுத்த கேள்வி: "நடுவுல ஏன் அங்கிள் பேச்சு நின்னு போச்சு?"

"எனக்குத் திக்கும்"னேன்.

"ஓ"ன்னான். "இன்னொரு மேஜிக் பண்ணுங்க."

அவ்ளோதான். இருபது வருஷமா நான் பயந்துட்டு இருந்த கேள்வி அது.

திக்குவாய் சரியாகலை, ஆகவும் ஆகாது. நேத்துகூட ஸ்டாண்ட்-அப்ல மாட்டினேன். ஆனா 'கமிட்'னே சொன்னேன். டீம்ல எல்லாரும் ரெண்டு செகண்ட் வெயிட் பண்ணாங்க, ஒண்ணும் ஆகலை. அக்கா பொண்ணைப் பேர் சொல்லித்தான் கூப்பிடறேன். சில நாள் அவ ரெண்டு செகண்ட் காத்திருந்து, "என்ன மாமா?"ங்கறா.

தம்ப் டிப் வாங்கலாம்னு நினைக்கறவங்களுக்கு ஒரே ஒரு டிப்ஸ். கவரைப் பிரிச்ச அன்னிக்கே யாருக்கும் செஞ்சு காட்டாதீங்க. முதல்ல ஒரு வாரம் மாட்டிக்கிட்டு டீ குடிங்க.