மலையா, மழையா

தமிழ் இலக்கியம் படித்து, கல்லூரியில் அதையே கற்பித்துப் பிழைக்கும் ஒருவனுக்கு சால்டரிங் அயர்னோடு என்ன உறவு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அமெச்சூர் வானொலி, அதாவது ஹாம் ரேடியோ, பொறியாளர்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. உண்மையில் அரசு நடத்தும் தேர்வொன்றை எழுதி, உரிமமும் 'வி.யு.' என்று தொடங்கும் அழைப்புக்குறியும் பெற்ற எவரும், லாப நோக்கமின்றி, தமக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் உலகோடு பேசலாம். கருவியைக் கையாலேயே கட்டிக்கொள்ளவும் அனுமதி உண்டு. இன்னமும் பலர் அதைச் செய்கிறார்கள். கட்டிய கருவி பழுதானால் பழுது பார்ப்பவரும் நாமேதான்.

என்னை இதற்குள் இழுத்து வந்தவர் திருவண்ணாமலையில் என் தெருவில் குடியிருந்த ஒரு முதியவர். தந்தி அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். 2013 ஜூலையில் நாட்டின் தந்திச் சேவை நிறுத்தப்பட்டபோது, தன் மொழி ஒன்று செத்துப்போனதாகச் சொன்னார். ஆனால் மோர்ஸ் அவருக்கு ஹாம் ரேடியோவில் எஞ்சியிருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் மகனோடு வசிக்க நாகர்கோவிலுக்குப் போய்விட்டார். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் 7 மெகாஹெர்ட்ஸில் சந்தித்துக்கொள்வது எங்கள் வழக்கம்.

கைப்பேசி இருக்கும்போது இதென்ன சிரமம் என்று கேட்கலாம். அவருக்குக் காது மங்கிவிட்டது. காதுக்கருவி போட்டுக்கொண்டு கைப்பேசியை அருகே கொண்டுபோனால் அது கீச்சிடுகிறது. அதைக் கழற்றிவிட்டு, வானொலியின் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒலியை வேண்டிய அளவு கூட்டிக் கேட்பதுதான் அவருக்கு எளிது. மோர்ஸிலேயே பேசலாமே என்றேன் ஒருமுறை. "அதுல செய்தி வரும் தம்பி, ஆள் வரமாட்டான்" என்றார்.

எங்களுக்கு இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 480 கிலோமீட்டர். கையடக்கக் கருவிகளின் மிகையதிர்வெண் அலைகள் பார்வைக்கோட்டில் செல்பவை. கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரையும் அவற்றோடு நடந்து பார்த்தால், 800 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் மலை நமக்கும் மறுமுனைக்கும் நடுவே வந்ததுமே தொடர்பு அறுந்துபோவதை உணரலாம். 7 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு மலை ஒரு பொருட்டல்ல. அது மேலே சென்று, சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அயனி மண்டலத்தில் திரும்பி, நாகர்கோவிலில் இறங்கிவிடும்.

ஆனால் இறங்கும் இடம் மாறிவிட்டது. அவர் இருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பு. எல்.இ.டி. விளக்குகள், இன்வெர்ட்டர்கள், சார்ஜர்கள் என்று ஒவ்வொரு வீடும் தன் பங்கு இரைச்சலை வானில் கலக்கிறது. என் ஐந்து வாட் குரல் அந்த இரைச்சலின் மட்டத்திலேயே மிதந்தது. ஒரு ஞாயிறன்று, "மலையில் மழை" என்று நான் மூன்று முறை சொல்லியும் அவருக்கு விளங்கவில்லை. ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் 300 முதல் 2700 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி மட்டுமே போகிறது. அந்தக் குறுகிய வாசலில், இரைச்சலும் சேர்ந்துகொண்டால், லகரமும் ழகரமும் ஒன்றாகிவிடுகின்றன. தமிழின் ழ என்று விளக்கிச் சொன்னாலும் அந்த விளக்கமும் அதே வாசலில்தான் நுழைய வேண்டும். "சத்தம் இருக்கு தம்பி, சொல் இல்ல" என்றார் அவர். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

பெருக்கி ஒன்றைக் கட்ட முடிவு செய்தேன். குரல் வலிமையை ஹாம்கள் 'எஸ்' என்ற படிகளில் அளக்கிறார்கள். ஒரு படி ஏறுவதற்கு ஆற்றல் நான்கு மடங்காக வேண்டும். ஐந்து வாட் இருபது வாட் ஆனால் கிடைப்பது ஒரேயொரு படி. இரைச்சலின் மட்டத்தில் நிற்பவனுக்கு அந்த ஒரு படியே சொல்லுக்கும் சத்தத்துக்குமான வேறுபாடாகலாம்.

என்னிடமிருந்த ஐந்து வாட் கருவி பிட்எக்ஸ் வடிவமைப்பைத் தழுவியது. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் உருவாக்கி எல்லோருக்கும் திறந்துவிட்ட வரைபடம் அது. அவரே அந்நகரில் 2010இல் லமகான் என்ற திறந்த பண்பாட்டு வெளியையும் நண்பர்களோடு தொடங்கினார் என்பது இலக்கிய வாசகர்களுக்கு உவப்பான செய்தியாக இருக்கும். அயல்நாட்டு ஃபெரைட் வளையம் கிடைக்காதவர்கள் தண்ணீர்க் குழாய் வாஷரில் கம்பி சுற்றிக்கொள்ளலாம் என்று வழிகாட்டிய வடிவமைப்பு அது. அதன் இறுதிக் கட்டத்தில் இருப்பது ஐ.ஆர்.எப். 510 என்ற மலிவான மாஸ்பெட் டிரான்சிஸ்டர். மின்வழங்கிகளில் சுவிட்சாகச் செயல்படப் பிறந்தது. வானொலிக்கென்று அதை யாரும் செய்யவில்லை, ஹாம்கள்தான் அதற்கு அந்த வேலையைக் கொடுத்தார்கள். அதே டிரான்சிஸ்டரில் இரண்டை, ஒன்று தள்ள ஒன்று இழுக்கும் 'புஷ்-புல்' அமைப்பில் வைத்து, 24 வோல்ட் கொடுத்தால் இருபது வாட் எதிர்பார்க்கலாம். என் உரிமத்தின் வரம்புக்கும் அது உட்பட்டது.

கட்டி முடித்ததும் ஏரியலில் மாட்டக்கூடாது. ஆற்றலை வானில் விடாமல் வெப்பமாக்கி விழுங்கும் ஒரு போலிச் சுமை தேவை. ஒரு கிலோ-ஓம், இரண்டு வாட் ரெசிஸ்டர்கள் இருபதை இணையாக இணைத்தால் 50 ஓம் கிடைக்கும், 40 வாட்டைத் தாங்கும். அதில் மாட்டிச் சோதித்தேன். முதல் மூன்று நிமிடங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பிறகு, நான் வாய் திறக்காமலேயே வாட் மீட்டரின் முள் எழுந்து எட்டு வாட் காட்டியது. மேசையிலிருந்த சிறிய டிரான்சிஸ்டர் ரேடியோ எந்த நிலையத்தில் வைத்தாலும் உறுமியது.

கோயில் திருவிழாக்களில் மைக் 'கூ' என்று ஊளையிடுவதை எல்லோரும் கேட்டிருப்போம். ஒலிபெருக்கியின் சத்தம் மைக்குக்குள் திரும்பப் புகுந்து, பெருகி, மீண்டும் புகுந்து, பேச்சாளரே தேவையில்லாமல் கருவி தானே கத்துகிறது. அவர் காதுக்கருவி கீச்சிட்டதும் அதே காரணத்தால்தான். என் பெருக்கியும் தன் குரலையே கேட்டு அதையே பெருக்கிக்கொண்டிருந்தது. இத்தகைய கருவியை ஏரியலில் மாட்டினால், ஒலிபரப்புகிறவனுக்கு எதுவும் தெரியாது. முள் நிறைய ஆற்றல் காட்டுவதைப் பார்த்து மகிழ்ந்துகூடப் போவான். தொல்லையைக் கேட்பவர்கள் அலைவரிசையில் இருக்கும் மற்றவர்கள்தான்.

பழுது பார்ப்பது உரையாசிரியர் வேலை போன்றது. பாடம் எது, பிழை எது என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போகவேண்டும். சூடானதும் பழுது வருகிறது என்பதால் முதல் ஐயம் டிரான்சிஸ்டரின் மீது. இவ்வகை மாஸ்பெட்டில் சூடு ஏறினால், அதே கேட் மின்னழுத்தத்துக்கே ஓய்வுநிலை மின்னோட்டம் கூடும். கூடினால் மேலும் சூடாகும். ஆனால் அது படிப்படியாக ஏறுவது, இங்கே மின்னோட்டம் ஒரே தாவலாகத் தாவியது. மேலும் வெறும் சூட்டுப் பெருக்கம் வாட் மீட்டரின் முள்ளை அசைக்காது. கேட் மின்னழுத்தத்தை அளந்தேன், இம்மியும் மாறவில்லை. எனவே அது அல்ல.

வலப்பக்க டிரான்சிஸ்டர்தான் அதிகம் சுட்டது. அபிரகத் தகட்டையும் பசையையும் துடைத்துவிட்டு இரண்டையும் இடம் மாற்றினேன். சூடு டிரான்சிஸ்டரோடு இடம் பெயரவில்லை, வலப்பக்கத்திலேயே நின்றது. எனவே குற்றம் டிரான்சிஸ்டரில் இல்லை, அது குடியிருக்கும் இடத்தில்தான். கேட் கால்களில் பத்து ஓம் ரெசிஸ்டர்களைச் சேர்த்தேன். மிகையதிர்வெண்ணில் எழும் ஊளையாக இருந்தால் அதில் அடங்கியிருக்கும். அடங்கவில்லை.

அடுத்தது குளிர்வித்துப் பார்ப்பது. ஊளை எழுந்ததும் மின்சாரத்தை நிறுத்தி, வலப்பக்கத்தில் ஒரேயொரு பாகத்தை மட்டும் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் தொட்டு, உலரவிட்டு, மீண்டும் இயக்குவது. இரண்டு மாலைகள் இப்படிப் போயின. மூன்றாம் மாலை, வலப்பக்க டிரெய்னிலிருந்து கேட்டுக்குத் திரும்பும் பாதையில் இருந்த சின்னஞ்சிறு செராமிக் கெப்பாசிட்டரைத் தொட்டபோது ஊளை நின்றது. குளிர்ந்திருக்கும்போது மல்டிமீட்டரில் சரியான அளவையே காட்டிய பாகம் அது. சூடேறியதும் உள்ளே இருந்த மயிரிழைப் பிளவு விரிந்து தொடர்பை அறுத்துவிடுகிறது. புதியதை வைத்தேன். அரை மணி நேரம் ஓடியும் முள் பூஜ்யத்திலேயே கிடந்தது.

அந்தப் பாதைக்குப் பெயர் எதிர்மறைப் பின்னூட்டம். வெளியே போகும் குரலில் ஒரு சிறு பங்கை எடுத்து, தலைகீழாக்கி, உள்ளே வரும் குரலோடு சேர்ப்பது. பெருக்கியின் வீச்சு அதனால் குறையும். வேண்டுமென்றே வலிமையை இழப்பதால் முதலில் யாரும் இதை ஏற்கவில்லை. பெல் ஆய்வகத்தின் ஹரால்ட் பிளாக், கண்டம் தாண்டும் தொலைபேசித் தடங்களில் பெருக்கிக்குப் பெருக்கி திரிபு சேர்ந்துகொண்டே போவதைத் தடுக்க வழி தேடிக்கொண்டிருந்தார். 1927 ஆகஸ்ட் 2 அன்று ஹட்சன் ஆற்றைப் படகில் கடக்கையில் இந்த எண்ணம் தோன்ற, கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் தாளிலேயே வரைந்து வைத்தார். காப்புரிமை கிடைக்க ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இன்று அது இல்லாத நல்ல பெருக்கியைக் காண்பது அரிது. எதிர்த்துச் சொல்லும் குரல் அறுந்துபோனால் ஒரு பெருக்கி என்னவாகும் என்பதை என் மேசையிலேயே பார்த்துவிட்டேன்.

ஹாம்களிடையே ஒரு மரியாதை உண்டு. யார் அழைத்தாலும் 'ஐந்து ஒன்பது' என்று மதிப்பெண் கொடுப்பது. தெளிவுக்கு ஐந்து, வலிமைக்கு ஒன்பது, இரண்டுமே உச்சம். அப்படிச் சொல்லிவிட்டு, "பெயரை மீண்டும் சொல்லுங்கள்" என்று கேட்பார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, வேறொரு வானொலி முயற்சிக்காகப் போர்ட் பிளேயரில் இருந்த பாரதி பிரசாத்தும் குழுவினரும் அந்தமானிலிருந்து தாய்நிலத்துக்குச் செய்திகளை அனுப்பினார்கள். உறவினர் உயிரோடிருக்கிறாரா என்று காத்திருப்பவருக்குப் பெயர் எழுத்துப் பிழையின்றிப் போய்ச் சேரவேண்டும். அங்கே உபசார மதிப்பெண்ணுக்கு இடமில்லை. நம் இலக்கியச் சூழலிலும் ஐந்து ஒன்பதுக்குப் பஞ்சமில்லை. நூல் வெளியீட்டு விழாக்களில் அதைத்தானே வழங்கிக்கொள்கிறோம்?

அந்த முதியவர் எனக்கு ஒருபோதும் ஐந்து ஒன்பது தந்ததில்லை. 'மூன்று, நான்கு' என்பார். 'சொல் இல்லை' என்று அவர் சொல்லியிருக்காவிட்டால் நான் பெருக்கியைக் கட்டியிருக்கவும் மாட்டேன்.

அவர் வராத ஐந்தாவது ஞாயிறு, இருபது வாட்டில் அவர் அழைப்புக்குறியை விடாமல் அழைத்தேன். கால் மணி நேரம் கழித்து மோர்ஸில் மெல்ல என் குறி ஒலித்தது. பிறகு குரல். "தம்பி, நாலு, ஏழு. மழைன்னு சொல்றீங்க, கேக்குது. ஆனா வல்லினமெல்லாம் வெடிக்குது. மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க."

தள்ளிப் பிடித்தேன்.