தாத்தாவைக் கூட்டிக்கிட்டுக் கிளம்புங்க பாஸ்!

ஊர்லேர்ந்து தாத்தா, பாட்டி வந்திருக்காங்களா உங்க வீட்டுக்கு? அப்படின்னா இந்நேரம் என்ன நடந்திருக்கும்னு சொல்லட்டுமா? முதல் நாள் ஒரே கொஞ்சல். ரெண்டாம் நாள் ரிமோட் சண்டை. மூணாம் நாள், 'எங்களுக்கு எப்ப டிக்கெட் போட்டிருக்க?'ன்னு உங்க அப்பாவைக் கேட்க ஆரம்பிச்சிருப்பாங்க. சென்னை ஃபிளாட்ல திண்ணை கிடையாது, எதிர்வீட்டுக்காரர் பேரு யாருக்கும் தெரியாது. பாவம், அவங்கதான் என்ன செய்வாங்க?

இதுக்கு ஒரு கைகண்ட மருந்து இருக்கு. ஒரு நாள் பக்கத்து ஊருக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. மால், தீம் பார்க்னு உங்களுக்குப் பிடிச்ச இடம் வேண்டாம். அங்கே நீங்கதான் கைடு. அவங்க சும்மா பின்னாடி நடக்கணும். அவங்க கைடா இருக்கிற மாதிரி ஒரு ஊரைப் பிடிங்க. அங்கேதான் விஷயமே இருக்கு!

அருப்புக்கோட்டையிலிருந்து வந்த எங்க தாத்தா, அப்பத்தாவுக்காக நாங்க பிடிச்ச ஊர் காஞ்சிபுரம். சென்னையிலிருந்து சுமார் 75 கிலோ மீட்டர். தாத்தா நாற்பது வருஷம் பருத்திச் சேலை நெய்தவர். அப்பத்தா 1979-ல் அத்திவரதரைப் பார்த்தவர். இந்த ரெண்டு தகுதி போதாதா?

மதியம் கோயில் நடை சாத்திடுவாங்க என்பதால் விடியக் காலையிலேயே கிளம்பிட்டோம். முதல்ல காஞ்சிபுரம் இட்லி. மிளகு, சீரகம், சுக்கு போட்டு, மூங்கில் குடலையில மந்தாரை இலையை வச்சு வேக வைக்கிற அயிட்டம். ஒரு வாய் சாப்பிட்ட அப்பத்தாவின் தீர்ப்பு: "நல்லாத்தான் இருக்கு. ஆனா இட்லின்னு சொல்லாதீய!"

அடுத்து வரதராஜப் பெருமாள் கோயில். கல்லுல செஞ்ச சங்கிலி தொங்குற நூற்றுக்கால் மண்டபத்தை நாங்க போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தப்ப, அப்பத்தா நேரா அனந்தசரஸ் குளத்தைப் பார்க்கப் போயிட்டாங்க. அத்திவரதர் அந்தத் தண்ணிக்கு அடியிலதான் இருக்கார். 40 வருஷத்துக்கு ஒரு தடவைதான் வெளியே வருவார். 2019-ல் ஜூலை 1 முதல் 48 நாள் தரிசனம் நடந்ததே, ஊரே திரண்டதே, ஞாபகம் இருக்கா? அப்போ தாத்தாவுக்குக் கண் ஆபரேஷன். அதனால அப்பத்தா டி.வி.யிலதான் கும்பிட்டாங்க.

"தண்ணிதானே அப்பத்தா தெரியுது?"ன்னு கேட்டேன்.

"உள்ள இருக்காருன்னு தெரியுதுல்ல, அது போதும்யா" என்றவர், அப்பாவைக் கை காட்டினார். "இவன் அப்ப ஆறு மாசக் கைக்குழந்தை. கூட்டத்துல இவன் அழுத அழுகையில சாமியை நான் அரை நிமிஷம்தான் பாத்தேன். மறுபடி எப்ப வருவாரு?"

"2059-ல அப்பத்தா."

விரல் விட்டு எண்ணினாங்க. "எனக்கு அப்ப நூறு வயசு. உனக்கு அம்பதைத் தாண்டிரும். எனக்கும் சேத்து நீ பாத்துட்டு வா. நின்னு நிதானமாப் பாரு, என்ன!"

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. ஆனா, எங்க அப்பா குளத்துப் பக்கம் திரும்பி ரொம்ப நேரம் நின்னார்.

மதியத்துக்கு மேல பிள்ளையார்பாளையம். நெசவாளர்கள் நிறைஞ்ச பகுதி. ஒரு வீட்டிலிருந்து 'டக்... டக்...'னு தறிச் சத்தம் கேட்டதும் தாத்தா அப்படியே நின்னுட்டார். "நானும் தறிக்காரன்தான்யா, பாக்கலாமா?"ன்னு வாசல்ல நின்னு கேட்டார். அவ்வளவுதான், உள்ளே ராஜ மரியாதை!

அங்கே ஓடிக்கிட்டு இருந்தது கோர்வைச் சேலை. உடலுக்கு ஒரு நிறம், ரெண்டு கரைக்கு வேற நிறம். சாதாரண சேலையில ஒரே நாடா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும். கோர்வையில மூணு நாடா. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சேருகிற இடத்தில், ஒவ்வொரு இழையையும் கோர்த்து வாங்கணும். அதனாலதான் நெய்யறவருக்குத் துணையா இன்னொருத்தரும் தறியில உட்காரணும். அந்த வீட்டுல அண்ணன் நெய்ய, அண்ணி துணை. ஒரு சேலை முடிய பதினைஞ்சு நாளாம்.

தாத்தா சேலையை லேசாப் புரட்டி அந்தக் கோர்வையைத் தடவிப் பார்த்தார். "நான் ஒத்தை நாடாக்காரன். இந்த வேலை என் கைக்கு வராது" என்றார். அந்த அண்ணன் எழுந்து தறியில் இடம் கொடுத்தார். தாத்தா குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்தார். மிதிக்கலை, நாடாவைத் தொடலை, சும்மா உட்கார்ந்திருந்தார்.

அப்பதான் எங்க அப்பா கேட்டார், "ஏம்ப்பா, எனக்கு ஏன் இதைச் சொல்லித் தரலை?"

"நாலு ஊருல விசைத்தறி வந்துருச்சு. கூலி ஏறலை. குழியில நான் எறங்குனது போதும், நீ எறங்க வேணாம்னுதான் உன்னைத் தறிப் பக்கமே விடலை. நீ பத்தாவது எழுதுன வருசம் தறியைப் பிரிச்சு வித்து ஃபீஸ் கட்டுனேன்" என்றார் தாத்தா, ஏதோ பஸ் டைம் சொல்ற மாதிரி.

அப்பாவுக்கே அது புதுத் தகவல். முப்பது வருஷமா வீட்டுல யாரும் கேட்கலை, அவரும் சொல்லலை. அந்தத் தறிக்கு முன்னாடி உட்காராம இருந்திருந்தா, அந்தப் பேச்சு வந்தே இருக்காது.

அதான் சொல்றேன் ஃப்ரெண்ட்ஸ். "பழைய கதை ஏதாவது சொல்லுங்க"ன்னு சோபாவுல உட்கார வச்சுக் கேட்டா, "என்னத்தைச் சொல்ல?"ன்னுதான் பதில் வரும். விவசாயம் பார்த்த தாத்தாவை நெல் வயல் பக்கம் கூட்டிப் போங்க. ரயில்வேயில இருந்தவரைப் பெரம்பூர் ரயில் அருங்காட்சியகத்துல விடுங்க. பாட்டி படிச்ச பள்ளிக்கூடம் பக்கத்து ஊர்ல இருந்தா, அதைவிட பெஸ்ட் ஸ்பாட் இல்லை. கண்ணுக்கு முன்னாடி பொருள் இருந்தா வார்த்தை தானா வரும்.

சில டிப்ஸ்: ஒரு நாளைக்கு ரெண்டே இடம் போதும். மூணாவது இடத்தை அவங்க மூட்டு வலி கேன்சல் பண்ணிடும். தண்ணீர், மாத்திரை, பாத்ரூம் வசதி... இந்த மூணும் உங்க பொறுப்பு. பேச ஆரம்பிச்சா குறுக்கே பேசாதீங்க. செல்போன்ல செல்ஃபியோட, ரெக்கார்டரும் இருக்கு. அனுமதி கேட்டுட்டு ஆன் பண்ணுங்க.

எங்கிட்ட இப்போ நாற்பது நிமிஷ தாத்தா குரல் இருக்கு. பின்னணியில தறிச் சத்தம். நடுவுல, "போதும்ய்யா, காப்பி ஆறுது!"ன்னு அப்பத்தா.

2059-ல காஞ்சிபுரம் போகும்போது அதையும் எடுத்துக்கிட்டுத்தான் போவேன். உங்ககிட்ட எத்தனை நிமிஷம் இருக்கு பாஸ்?