ஆறு வளையம்

தென்காசியில் சாரல் பிடித்துவிட்டது. மலைப்பக்கமிருந்து இறங்கும் இந்தத் தூறல் முழுசாக நனைப்பதும் இல்லை, ஆளை விடுவதும் இல்லை. பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருவில் அந்த டீக்கடை. தகரக் கூரையில் சத்தமில்லாமல் விழுந்து, விளிம்பில் திரண்டு, ஒவ்வொரு சொட்டாக வாசலில் குழி பறிக்கிறது மழை. காலை ஏழு மணி. பாய்லர் கொதிக்கிறது. வாரத்தில் மூன்று நாள் வேலைக்காக இந்த ஊரில் வந்து இறங்குகிறவன் நான். அலுவலகம் திறக்கும்வரை இங்கே தூணோரத்துப் பெஞ்சுதான். இரண்டு வருஷமாக இந்தக் கடையில் நான் பேசியது குறைவு, பார்த்தது அதிகம்.

அவன் வருகிறான். முப்பது வயதிருக்கும். குட்டையான உருவம், ஓரத்தில் மேலே சாய்ந்த கண்கள், பாதியில் நின்று மறுபடி கிளம்பும் பேச்சு. டவுன் சின்ட்ரோம். 21-வது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைந்துவிட்ட பிறவி. அதனால்தான் மூன்றாம் மாதம் 21-ஆம் தேதியை இப்படிப் பிறந்தவர்களுக்கான நாளாக உலகம் வைத்திருக்கிறது. தெருவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. பெரியவர்களுக்கு அவன் தம்பி, சின்னப் பையன்களுக்கு அண்ணன். அந்த ‘அண்ணே’ காதில் விழும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும். முப்பது, நாற்பது வயதிலும் இவர்களைக் குழந்தை என்று கன்னத்தைக் கிள்ளுகிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு கம்பித் தட்டை எடுக்கிறான். ஆறு கிளாஸ் நிற்கும் தட்டு, நடுவில் தூக்குப் பிடி. ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு பெயின்ட்: மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, ஊதா. தெருவில் ஆறு கடை நிலைகளில், அவன் கண் உயரத்துக்கு, அதே ஆறு நிறத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பொட்டு. மஞ்சள் தையல்கடை. சிவப்பு உரக்கடை. பச்சை ஜெராக்ஸ் கடை. நீலம் மருந்துக்கடை, அந்த அண்ணாச்சிக்குச் சர்க்கரை வியாதி, ஆகவே நீல வளையத்தில் எப்போதும் சீனி போடாத டீ. வெள்ளை செருப்புக் கடை. ஊதா சைக்கிள் கடை.

அவன் வேலைக்கு வந்த முதல் வாரம் டீ எல்லாம் இடம் மாறிப் போனதாம். மருந்துக்கடைக்காரர் சீனி டீயைக் குடித்துவிட்டுத் திட்டியிருக்கிறார். சிறப்புப் பள்ளியில் வண்ண அட்டைகளை ஜோடி சேர்த்துப் பழகியவன் என்று அவன் அம்மா பேச்சுவாக்கில் சொன்னதை டீ மாஸ்டர் பிடித்துக்கொண்டார். மறுநாள் மிச்சம் மீதி பெயின்ட் டப்பாக்களோடு உட்கார்ந்துவிட்டார். எழுத்து வராத ஒருவனுக்கு ஒரு தெருவையே வாசிக்கத் தந்த அந்த மனிதர் எட்டாவது தாண்டாதவர்.

தட்டு கிளம்புகிறது. மற்றவர்கள் நாலு நிமிஷத்தில் முடிக்கும் சுற்று அவனுக்குப் பதினைந்து நிமிஷம். வாசலில் நின்று பொட்டைப் பார்ப்பான். வளையத்தைப் பார்ப்பான். மறுபடி பொட்டைப் பார்ப்பான். பிறகுதான் கிளாஸில் கை வைப்பான். ஜெராக்ஸ் கடைப் பெண் மிஷினை நிறுத்திவிட்டுக் கையை நீட்டாமல் நிற்கிறாள். அவளே எடுத்துக்கொண்டால் ஒரு நொடியில் முடிந்துவிடும். எடுக்க மாட்டாள். அவன் கிளாஸை மேஜையில் வைத்து, “பச்ச” என்று சொல்லும்வரை அந்தக் கடையில் நகல் எதுவும் வெளியே வராது. வரிசையில் நிற்பவர்கள் ஆதார் அட்டையும் கையுமாகக் காத்திருக்கிறார்கள். யாரும் முனகுவதில்லை. சின்ன ஊரில் நேரம் மலிவு என்று சொல்லலாம்தான். ஆனாலும் அதை இவனுக்கென்று எடுத்துக் கொடுக்க மனசு வேண்டும்.

இந்த வட்டாரத்துக்கு ஒரு கொடுப்பினை உண்டு. பக்கத்திலேயே ஆய்க்குடி. கடற்படை அதிகாரித் தேர்வில் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்துபோன எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் அங்கே தொடங்கியது அமர் சேவா சங்கம். அதன் பணியாளர்கள் கிராமம் கிராமமாகப் போய், வளர்ச்சி தாமதமான குழந்தைகளுக்கு வீட்டுத் திண்ணையிலேயே பயிற்சி கொடுக்கிறார்கள். நாற்பது வருஷமாகச் சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் பஸ்ஸிலும் கடைத்தெருவிலும் பார்த்துப் பழகிய கண்கள் இவை. வெறித்துப் பார்ப்பது இங்கே குறைவு. பழக்கம் செய்கிற வேலையை எந்தப் பிரசங்கமும் செய்யாது.

வெளியூர்க் கண்கள் வேறு. குற்றாலத்துக்குக் குளிக்க வந்த குடும்பம் ஒன்று போன வாரம் டீ குடிக்க ஒதுங்கியது. அந்த அம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியது. கிளம்பும்போது இருபது ரூபாயை அவன் சட்டைப் பையில் திணித்து, “பாவம்” என்றார். நல்ல மனசுதான், குறை சொல்ல மாட்டேன். அவன் அந்த நோட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நேரே கல்லாவுக்குப் போய் வைத்துவிட்டான். டீக்கடை அண்ணாச்சி வாசலுக்கு வந்து நோட்டை அந்த அம்மாளிடமே நீட்டினார். “டீக்காசு ஏற்கெனவே தந்துட்டீங்கம்மா. அவன் இங்க சம்பளத்துக்கு நிக்கான்.” குரலில் கோபமில்லை. கணக்கைச் சரிபார்த்துச் சொல்கிற குரல்.

கணக்கு என்றதும் இன்னொன்று. ஒரு நாள் உரக்கடைப் படியில் கால் இடறி, இரண்டு கிளாஸ் போயிற்று. தெருவே ஒரு கணம் நின்றது. யாரும் ஓடி வரவில்லை, “அய்யய்யோ” என்று அவனைச் சூழ்ந்துகொள்ளவும் இல்லை. உரக்கடைப் பையன் விளக்குமாற்றைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்துவிட்டு, தான் முறத்தைப் பிடித்துக்கொண்டான். இருவருமாகப் பெருக்கினார்கள். சனிக்கிழமை சம்பளத்தில் இரண்டு கிளாஸுக்கான காசு பிடித்தம். கடையில் மற்ற இரண்டு பையன்களுக்கும் அதே வழக்கம்தான். முதலில் எனக்குச் சுருக்கென்றது. இவனிடமா பிடிப்பது? இரவு முழுக்க யோசித்தபிறகு, அண்ணாச்சி செய்ததே சரியென்று பட்டது. அவன் உடைத்தால் மட்டும் கணக்கில்லை என்று விட்டிருந்தால், அவன் அந்தக் கடையில் வேலைக்காரனாக இல்லை என்று ஆகியிருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் அவன் அம்மா வருவாள். சுற்றிய பீடியைப் பீடிக்கடையில் போட்டுவிட்டு, கைவிரல்களில் புகையிலை வாசத்தோடு. சம்பளம் முழுக்கப் பத்து ரூபாய் நோட்டாகவே தர வேண்டும். அவனுக்குப் பத்துவரை எண்ண வரும். பத்துப் பத்தாக அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் ரப்பர் பேண்ட் போட்டு அம்மாவிடம் கொடுப்பான். ஏழாவது நோட்டில் குழம்பினால் முதலிலிருந்து எண்ணுவான். அம்மா உதட்டைக்கூட அசைக்காமல் உட்கார்ந்திருப்பாள்.

மாதாமாதம் அரசு உதவித்தொகை வருகிறது. அது போக இந்தச் சம்பளம். ஒரு சனிக்கிழமை அவன் எண்ணிக்கொண்டிருக்கும்போதே தணிந்த குரலில் அவள் அண்ணாச்சியிடம் கேட்டது என் காதில் விழுந்தது. “எனக்குப் பொறவு இவன யாரு பாப்பாவ, அண்ணாச்சி?”

இந்தக் கேள்வியைக் கேட்காத தாய் இப்படிப் பிள்ளை உள்ள வீடுகளில் கிடையாது. 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் இந்தக் கேள்விக்காகவும் பிறந்ததுதான். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பதினெட்டு வயதுக்குப் பிறகும் பாதுகாவலரை நியமிக்க, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் குழுவை அது அமைத்தது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, சமூகத்தோடு சேர்ந்து வாழ்வது உரிமை என்று 5-ஆம் பிரிவில் எழுதிவைத்தது. பதினெட்டு வரை பள்ளி உண்டு. பத்தொன்பதில்தான் வீட்டுக் கதவு சாத்திக்கொள்கிறது. டிவிக்கு முன்னால் ஒரு நாற்காலி, அதில் முப்பது வருஷம் என்று ஆகிவிட்டவர்கள் எத்தனையோ பேர். சட்டத்தில் உள்ள உரிமை தெருவுக்கு வந்து சேர ஒரு கல்லாவும் ஒரு கம்பித் தட்டும் தேவைப்படுகின்றன.

அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. சொல்லிவிடக்கூடிய பதிலா அது? “பேப்பரெல்லாம் எடுத்துட்டு வா, கலெக்டர் ஆபீஸுக்கு நானும் வாரேன்” என்றார் கொஞ்ச நேரம் கழித்து. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவன், “பத்து” என்றான்.

இன்று தெருக்கோடி அம்மன் கோயிலில் கொடை. மேளம் நெருங்குகிறது. வெடிச்சத்தம் மட்டும் அவனால் தாங்க முடியாது. போன கொடையில் தட்டைப் போட்டுவிட்டுப் பேருந்துகளுக்கு நடுவில் ஓடியிருக்கிறான். அதனால் இந்த முறை விழாக் கமிட்டி ஒரு பையனை முன்கூட்டி அனுப்பியிருக்கிறது. மூச்சிரைக்க வந்து நிற்கிறான்.

“அண்ணே, வெடி போடப் போறாவ!”

தம்பி தையல்கடை வாசலிலிருந்து தட்டோடு திரும்புகிறான். ஓடவில்லை, டீ தளும்பிவிடும். தட்டை மேடையில் வைத்துவிட்டுப் பின்கட்டுக்குள் போய், பால் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொள்கிறான். மாஸ்டர் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து நிற்கிறார். சரவெடி தெருவைக் கிழித்துக்கொண்டு போகிறது. புகை கடைக்குள் வருகிறது. யாரும் டீ கேட்கவில்லை.

சத்தம் ஓய்ந்ததும் பையன் வந்து கதவில் மூன்று தட்டு தட்டினான். அதுதான் அவர்களுக்குள் பேச்சு போலிருக்கிறது. கதவு திறந்தது. வந்தான். கிளாஸ்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். எல்லாம் ஆறிப்போயிருந்தன. ஆறையும் எடுத்து வரிசையாக மாஸ்டர் முன்னால் வைத்தான்.

“சூடு” என்றான்.

மாஸ்டர் வடிகட்டியை எடுத்தார்.