நாற்பது நிமிஷ சீசன்

அமெரிக்காவில் கல்லூரி பாஸ்கெட்பால் சீசன் நவம்பரில் ஆரம்பித்து ஏப்ரல் வரை ஓடும். நம்ம மதுரையில்? கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி நாக்-அவுட் என்றால், முதல் மேட்சில் தோற்ற அணிக்கு 40 நிமிஷத்தில் வருஷமே முடிந்தது!

அணியில் 12 பேர் இருப்பார்கள். களத்தில் 5 பேர்தான். நான் பி.காம். படித்தபோது, மேலூரிலிருந்து முதல் பஸ் பிடித்துப் பயிற்சிக்கு வரும் நண்பன் ஒருவன், மூன்று வருஷமும் மீதி ஏழு பேரில் ஒருவன். கடைசி வருஷம், தோல்வி நிச்சயமான பிறகு இரண்டு நிமிஷம் இறக்கிவிட்டார்கள். ஒரு பந்துகூட கூடையில் விழவில்லை.

''வருத்தமாடா?''

''இல்ல மாப்ளே... மூணு வருஷமா தினம் காலைல ஆடியிருக்கேன். நீ வந்து பார்த்தது இந்த ஒரு மேட்சைத்தான்!''

பி.காம். படித்தது நான். வரவைச் சரியாக எழுதியது அவன்.