மூணு எட்டு

நாகல்கேணிக்கு என்னை அனுப்பிவைத்தவர் பல்லாவரத்தில் ரசாயனக் கடை வைத்திருக்கும் நண்பர். கல்லூரியில், அமிலத்தன்மை சட்டென மாறாமல் தாங்கும் பஃபர் கரைசல் பாடத்தைச் சமன்பாட்டோடு உருப்போட்டு, தேர்வு முடிந்ததும் மறந்துவிட்டேன் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். "டிரம் கணக்கில் பஃபர் போடுகிற ஆளைப் பாருங்கள்" என்று தோல் பதனிடும் டேனரி ஒன்றின் மேஸ்திரி போன் நம்பரைக் கொடுத்தார்.

நாகல்கேணியை ஒட்டிய குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே 1912இல் சேம்பர்ஸ் என்பவர் அங்கே அமைத்த குரோம் லெதர் கம்பெனியால்தான். அமிலத்தன்மையைச் சொல்லும் பிஎச் என்ற அளவையை டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் பீர் ஆலை ஆய்வகத்தில் சோரன்சென் வகுத்தது அதற்கு மூன்று வருடம் முன்பு, 1909இல். டேனரிகள் இருப்பது திருநீர்மலை சாலைப் பக்கம். ஜி.எஸ்.டி. சாலையின் துணிக்கடை நெரிசலுக்கு தோல் வாடை எட்டுவதில்லை.

ஊறவைப்பது, சுண்ணாம்பு, மயிர் நீக்குவது, சதை வழிப்பது எல்லாம் எனக்கு வாடையாக மட்டுமே பதிந்தன, விட்டுவிடுகிறேன். தோலை அமிலத்தில் சுழற்றும் பிக்கிள் டிரம் அருகே வந்ததும்தான் காதைத் தீட்டிக்கொண்டேன். முதலில் உப்பு. அது இல்லாமல் அமிலம் ஊற்றினால் தோல் வீங்கிப் பாழாகிவிடும். பிறகு நீர்த்த கந்தக அமிலத்தைத் தவணை தவணையாக விட்டு, பிஎச்சை 2.8க்கு இறக்குகிறார்கள்.

மேஸ்திரியின் சட்டைப்பையில் ஒரு சொட்டு பாட்டில் இருந்தது, கண் மருந்து பாட்டில் அளவில். உள்ளே புரோமோகிரசால் கிரீன். அவர் வாயில் 'பிசிஜி'. டிரம்மை நிறுத்தச் சொல்லி ஒரு தோலை இழுத்தார். கழுத்துப் பக்கம், தடிமனான இடமாகப் பார்த்துக் கத்தியால் கீறி, வெட்டு வாயில் ஒரு சொட்டு விட்டார். ஓரமெல்லாம் மஞ்சள், நடுவில் மெல்லிய நீலக் கோடு. "இன்னும் சுத்தட்டும்" என்றார். அமிலம் நடுவரை போயிருந்தால் கோடு இருக்காது.

மேசைமேல் பிஎச் மீட்டர் இருக்கிறதே என்றேன்.

"மீட்டர் தண்ணியத்தான் சொல்லும் தம்பி. தோலுக்குள்ள என்னன்னு இதான் சொல்லும்."

அவருடைய அப்பா ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டவர். அந்த வேலைக்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். குரோமியம் உப்பால் பதனிடும் குரோம் முறைக்கு ஒரு நாள் போதும், ஆனால் அந்த ஒரு நாளில் நிமிஷத்துக்கு நிமிஷம் கவனம் வேண்டும். சிறுவனாக டிரம்முக்குத் தண்ணீர் ஊற்ற வந்த மேஸ்திரி, சொட்டு பாட்டிலைக் கையில் வாங்க வருஷக்கணக்கில் காத்திருந்தாராம். பள்ளியில் வேதியியல் வருவதற்கு முன்பே படிப்பு நின்றுவிட்டது.

மஞ்சள் முழுதாகப் பாய்ந்ததும் குரோம் பவுடர் விழுகிறது. 2.8இல் குரோமியம் தோலுக்குள் நன்றாக நுழையும், ஆனால் பிடிக்காது. பிடிக்க வைக்க பிஎச்சை 3.8க்கு ஏற்ற வேண்டும். சமையல் சோடாவை மொத்தமாகக் கொட்டினால் குரோம் தோலின் மேற்பரப்பிலேயே படிந்து கறையாகும், உள்ளே பச்சைத் தோலாகவே நின்றுவிடும். அதனால் முதலில் சோடியம் ஃபார்மேட். அதில் ஒரு பங்கு டிரம்மிலுள்ள அமிலத்தை வாங்கி ஃபார்மிக் அமிலமாகிறது, மீதி உப்பாகவே நிற்கிறது. இரண்டும் சரிபாதியாக நிற்கும் இடம் பிஎச் 3.75. அதாவது நமக்கு வேண்டிய இடத்திற்குப் பக்கத்திலேயே. அங்கே சோடா சற்றுக் கூடினாலும் எண் துள்ளாது. குரோமியத்தோடு ஒட்டிக்கொண்டு, அது அவசரப்பட்டுப் படியாமலும் ஃபார்மேட் தடுக்கிறது. நான் உருப்போட்ட சமன்பாடு இதுதான். பிறகு கரைத்த சோடா, பல தவணைகளாக.

மீட்டரைப் பார்த்துக்கொள்ளும் பெண் பி.எஸ்சி. படித்தவர். பஃபர் கேப்ஸ்யூலை உடைத்து நூறு மில்லி காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, 4க்கும் 7க்கும் மீட்டரைச் சரிசெய்கிறார். பழைய கரைசலை வைத்துக்கொள்வதில்லை. கடைசியில் ஒரு துண்டைக் கொதிநீரில் போட்டுப் பார்ப்பார்கள். சுருங்கவில்லை என்றால் தேறியது.

இது ஜாப் வொர்க். தோல் இன்னொருவருடையது, ரேட்டும் அவர் சொல்வதுதான். வழக்கமான முறையில் போட்ட குரோமில் மூன்றில் ஒரு பங்கு கழிவுநீரோடு போகிறது. பிஎச் சரியாக முடிந்தால் அது குறையும். மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்று 1996இல் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது; அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்ட டேனரிகளும் அபராதம் கட்ட வேண்டியிருந்தது. உடலில் படும் தோல்பொருளில் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே குரோமியம்-6 இருக்க வேண்டும் என்று 2015 முதல் ஐரோப்பா கேட்கிறது. இரண்டும் நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தின் செலவை மட்டும் இடையில் நிற்கிற எவரும் தன் பங்கிலிருந்து கழிப்பதில்லை. அது டிரம் வரை இறங்கி வந்து, கூலியில் போய் நிற்கிறது. பரிசோதனைச் சான்றிதழைக் காட்டி விலை பேசுகிறவர், சொட்டு பாட்டில் வைத்திருப்பவரைப் பார்த்ததே கிடையாது.

மேஸ்திரியின் கோபம் இன்னும் துல்லியமானது. "ஃபார்மேட் விலை ஏறிச்சுன்னா ஏஜென்ட்டு, பாதி போட்டாப் போதும்கிறான். குரோம் பிடிக்கப் பிடிக்க அமிலத்த விடும் தம்பி. சாயங்காலம் மூணு எட்டு காட்டுனது, காலைல வந்து பாத்தா மூணு அஞ்சுல நிக்கும்."